ஒரு வரியாவது

சென்ற தவக்காலத்தில் நமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; இவ்விதழின் வாசகர்களுக்கு அவருடைய கவிதைகள் அறிமுகமானவையே. பெயரை நாம் சொல்லப் போவதில்லை. கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து ஏழு மாதங்கள் ஆகின்றன என்றும், அன்றிலிருந்து தம்மால் ஒரு வரிகூட எழுத இயலவில்லை என்றும், எழுத்து தம்மை விட்டே போய்விட்டதோ என அஞ்சுவதாகவும் குறிப்பிட்டிருந்தார். இதனைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டவை நான்கு முழுப் பக்கங்கள்! அவற்றில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

முதன்முறை படித்தபோது நமக்குப் புன்னகை வந்தது உண்மையே. இரண்டாம் முறை படித்தபோது அது மறைந்துவிட்டது. கடிதத்தின் முடிவில், “துன்பக் காலத்தில் எழுத்தைக் கைவிடாதிருப்பது எப்படியென்று தங்களைப் போன்றவர்கள்தாம் சொல்ல வேண்டும், தந்தையே” என்று எழுதியிருந்தார். அன்றிரவே மறுமொழி எழுத அமர்ந்தோம். இறைவன் தம் அன்பரைப் புடமிடுகிறார் என்றும், திருப்பாடல்களில் பல கண்ணீரில் பிறந்தவை என்றும், ஆகவே அவரும் தளராமல் எழுத வேண்டும் என்றும் அரைப்பக்கம் ஓடியது. பிறகு பேனா நின்றது. எழுதியவற்றில் பொய் ஏதுமில்லை. எனினும் நாற்பத்து மூன்று நாட்கள் ஒரு வரியும் எழுதாமல் இருந்த கை, ஏதோ ஒருநாளும் தவறாதது போல் அறிவுரை எழுதிக்கொண்டிருந்தது. அத்தாளைக் கிழித்துவிட்டோம். அந்த அம்மையாருக்கு நாம் தர வேண்டிய மறுமொழி இதுவே. அவர் அனுமதியோடு இங்கே வெளியிடுகிறோம்.

நம் அறையின் மரப்பீரோவில், மேல்தட்டில், முப்பதுக்கும் மேற்பட்ட நாட்குறிப்பேடுகள் அடுக்கப்பட்டுள்ளன. முதல் ஏடு 1991 ஆம் ஆண்டினது. அப்போது நாம் குருமடத்தில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தோம். ஏறக்குறைய எல்லாமே புத்தாண்டுக்கு எவரேனும் இனாமாகக் கொடுத்தவை: கூட்டுறவு வங்கி கொடுத்தது, உரக்கடைக்காரர் கொடுத்தது, காப்பீட்டு முகவர் கொடுத்தது. எவரும் எதுவும் கொடுக்காத ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. இப்பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தியவர் குருமடத்தில் ஆன்ம குருவாக இருந்த முதிய தந்தை. இரவுச் செபத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்யும் நேரத்தில் பாதி மாணவர்கள் உறங்கிவிடுவதை அறிந்தவர் அவர். “தேதியைப் போடு. அதன் கீழ் ஒரு வரியாவது எழுது. ஒன்றும் இல்லையென்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுது. ஆனால் தேதிக்குக் கீழே வெற்றிடம் விடாதே, வெற்றிடத்தில் சாத்தான் எழுதுவான்” என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை.

அன்று தொடங்கிய பழக்கம் நன்றாகவே வேர்பிடித்தது. 1999 நவம்பரில் நம் தந்தையார் இறந்த இரவு, ஊருக்குப் போகும் பேருந்தில் நடத்துநரிடம் பேனா இரவல் வாங்கிப் பயணச்சீட்டின் பின்புறத்தில் இரு வரிகள் எழுதினோம். அடக்கம் முடிந்து திரும்பியதும் அச்சீட்டை ஏட்டில் ஒட்டினோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரைப் பங்குகளுக்கு உதவச் சென்ற நாட்களிலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏதோ கிறுக்கி வைத்தோம். 2012 இல் பங்குத் திருவிழாவின்போது சப்பரம் எந்தத் தெரு வழியாகச் செல்ல வேண்டும் என்பதில் எழுந்த பிணக்கைப் பற்றி மட்டும் பதினெட்டுப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை இப்போது படிக்கையில் வெட்கமாக இருக்கிறது. இரு தெருவாரையும் விளாசியிருக்கிறோம். நம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோபத்திற்கு மை தீர்வதே இல்லை போலும். துயரம் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது.

இப்படியாக, எந்தச் சூழ்நிலையிலும் நாள் தவறாமல் எழுதுபவர் நாம் என்றொரு பெருமை உள்ளுக்குள் வளர்ந்திருந்தது. அதற்கு எருவிட்டவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. குருமட நூலகத்தில் அவருடைய நாட்குறிப்பைக் கண்டெடுத்த நாள் முதல் அவர் நமக்கு நெருங்கிய உறவினர் போலாகிவிட்டார். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் இறக்கும் மட்டும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். இடையில் சில பகுதிகள் நமக்குக் கிடைக்காமல் போயினவேயன்றி, மனிதர் சோர்ந்ததாகத் தெரியவில்லை. எத்தகைய காலம் அது! 1748 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோதும் எழுதினார். துய்ப்ளேக்சு ஆளுநராய் இருந்த நாட்களின் ஏற்றத்திலும், பின்னர் செல்வாக்கு இழந்து நோயுற்ற நாட்களின் இறக்கத்திலும் எழுதினார். அவர் கண்மூடிய சில நாட்களில் நகரமே வீழ்ந்தது. இத்தனைக்கும் அவர் எழுதியவை உயர்ந்த தத்துவங்கள் அல்ல. இன்ன கப்பல் வந்தது, இன்ன சரக்கு இறங்கியது, இன்னார் இன்னாரிடம் இன்ன சொன்னார், இன்ன மரியாதை கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை! அவருடைய குடும்பத்தாரும் அவருக்குப் பின் அப்பழக்கத்தை விடவில்லை. அச்சிட்டு வெளியிட வேண்டுமென்று எழுதியவரும் அல்லர். 1846 இல்தான் பிரெஞ்சுக்காரரான கலுவா மோம்பிரேன் அந்த ஏடுகளைக் கண்டு வெளியுலகிற்கு அறிவித்தார்.

நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1748 ஆம் ஆண்டு முற்றுகையின் நடுவே வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதைப் பற்றியும், அதில் நம் துறவிகளின் பங்கைப் பற்றியும் பிள்ளையவர்கள் எழுதியிருப்பவை கத்தோலிக்கராகிய நமக்கு இனிப்பானவை அல்ல. ஆயினும் படிக்கத்தான் வேண்டும். கண்டதை அன்றே ஒருவர் எழுதி வைத்துவிட்டால் பிறகு எவராலும் அதனை மழுப்ப முடிவதில்லை. இதனை வரலாற்றுப் பாடமாக மட்டுமே அந்நாளில் நாம் கொண்டோம்; நம்மீதே அது ஒருநாள் திரும்பும் என்று எண்ணவில்லை.

நாம் பணியாற்றும் பங்கு வானம் பார்த்த பூமியில் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் கருவேலங்கரி. கிளைக் கிராமங்கள் ஐந்து. அங்கிருந்து ஓரியூர் பேருந்தில் போகும் தொலைவுதான். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் மக்களோடு புனித அருளானந்தரின் திருத்தலத்திற்குப் போவதுண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டுண்ட அச்செம்மண்ணில் நின்று, முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் கரியை மையாகக் கொண்டு தம் சகோதரத் துறவிகளுக்குக் கடிதம் எழுதியதை மக்களுக்குச் சொல்வோம். வியத்நாம் ஆயர் வான் துவானைப் பற்றியும் சொல்வோம். 1975 ஆகஸ்டு 15 அன்று கைது செய்யப்பட்ட அவர், பதின்மூன்று ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. கைதான சில வாரங்களில், வீட்டுக் காவலில் இருக்கையில், தம் மக்களை எப்படி அடைவது என்று தவித்த அவர், தெருவோடு போன ஏழு வயதுச் சிறுவனை அழைத்து, பழைய நாட்காட்டித் தாள்களைத் தாயிடம் வாங்கி வரச் சொன்னார். அத்தாள்களின் பின்புறத்தில் இரவுதோறும் எழுதினார். சிறுவன் அவற்றை வீட்டிற்கு எடுத்துப் போக, அவனுடைய அண்ணன் அக்காள்மார் படியெடுத்தனர். ஆயிரத்தொரு சிந்தனைகள் கொண்ட நூல் அப்படி உருவாயிற்று. தாளின் முன்புறத்தில் கழிந்துபோன நாள், பின்புறத்தில் நம்பிக்கை என்று இதனை மறையுரையில் நயம்படச் சொல்வது நம் வழக்கம். இளைஞர்கள் கைதட்டுவார்கள்.

2021 ஆம் ஆண்டு வந்தது.

கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையை வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கொரு கதை உண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் மட்டும் நம் பங்கிலும் கிளைக் கிராமங்களிலும் ஏழு பேரை அடக்கம் செய்தோம். அருகிலிருந்த இரு பங்குகளின் குருக்கள் ஒரே வாரத்தில் இறந்தனர். ஒருவர் நம்மோடு குருமடத்தில் ஒரே மேசையில் உண்டவர். நமக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆலயத்தின் கதவுகள் மக்களுக்குச் சாத்தப்பட்டிருந்தன. உடன் உதவிய கோவில்பிள்ளையும் காய்ச்சலில் கிடந்தார். எழுதிக்கொண்டுதான் இருந்தோம். மே 24 ஆம் நாள் பக்கத்தில், “இன்று அழைப்பு ஏதும் இல்லை. இறைவனுக்கு நன்றி” என்று இருக்கிறது.

மறுநாள் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் நம் உபதேசியாரின் மகன்.

அந்த உபதேசியாரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்கின் பதிவேடுகளை எழுதியவர் அவரே. நமக்கு முன் எத்தனையோ பங்குத் தந்தையர் வந்து போனார்கள், கையெழுத்துகள் மாறின, எழுத்து அவருடையதாகவே இருந்தது. நீலக்கறுப்பு மை, தடித்த நிப்பு, சற்று வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. திருமுழுக்கு ஏடும் திருமண ஏடும் திரிதெந்து சங்கம் 1563 இல் விதித்தவை என்றும், இறந்தோர் ஏடு 1614 ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலோடு வந்தது என்றும் நாம் ஒருமுறை அவரிடம் சொன்னபோது, “அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. குழி மண்ணு காயிறதுக்குள்ள பேரு ஏட்டுல ஏறிறணும். அதுதான் எனக்குத் தெரிஞ்ச சட்டம்” என்றார். அப்படியே செய்தும் வந்தார். எந்தக் கிராமத்தில் அடக்கம் நடந்தாலும் அன்று மாலையே பங்கு இல்லத்திற்கு வந்து கால் கழுவிவிட்டு, ஏட்டை விரித்து எழுதிய பிறகே வீட்டிற்குப் போவார்.

“சாமி, அப்பா தவறிட்டாக. ஆம்புலன்சுல கொண்டாறாக. நேரா கல்லறைக்குத்தானாம், வீட்டுக்கு விடமாட்டாகளாம். இப்பவே பண்ணிறணும்ங்குறாக. சாமி வந்துருங்க” என்றார் மகன்.

நாம் என்ன சொன்னோம்? “தம்பி, இந்நேரம் வேண்டாம். நீங்கள் அடக்கத்தை முடியுங்கள். காலையில் வந்து மந்திரிக்கிறோம்” என்றோம். கல்லறைத் தோட்டம் நம் இல்லத்திலிருந்து முந்நூறு அடி தொலைவில் இருக்கிறது. முந்நூறு அடி! கவச உடை நம் அறையின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சன்னல் ஓரம் நின்று பார்த்தோம். வண்டியின் விளக்கொளியில் நான்கு வெள்ளை உருவங்கள் அசைந்தன. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்து வண்டி திரும்பிப் போயிற்று. நாம் சன்னலைச் சாத்தினோம். காலையிலும் போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில், எவரும் நடமாடாத நேரம் பார்த்துப் போய், குழியை மந்திரித்துவிட்டு வந்தோம்.

மே 25 ஆம் நாள் பக்கத்தில் தேதி அச்சிலேயே இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை. களைப்பு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மறுநாளும் களைப்பு. அதற்கடுத்த நாள், இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று எண்ணினோம். நாட்குறிப்பு எழுதுபவர்கள் இந்தப் பாக்கியை அறிவார்கள். கந்து வட்டியைப் போல அது தானே பெருகும். பத்தாம் நாள் ஏட்டை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டோம். கண்ணில் படாதிருந்தால் போதும் என்றிருந்தது. நேரம் இல்லாமலில்லை. ஊரடங்கில் குருக்களுக்கு நேரத்திற்கு என்ன பஞ்சம்? கட்டளைச் செபத்தை ஒருவேளையும் விடவில்லை. செல்பேசி வழியாக இளைஞர்களுக்கு ஞாயிறு சிந்தனை அனுப்பினோம்; அவற்றுள் ஒன்று வான் துவானும் நாட்காட்டித் தாள்களும்! அதனை அனுப்பிய இரவு, நம்முடைய நாட்காட்டித் தாள்கள் இழுப்பறைக்குள் வெறுமையாய்க் கிடந்தன.

ஒப்புரவு அருட்சாதனத்திற்கும் போனோம். சூன் மாதம் இரண்டாம் வாரம், நம் ஆன்ம நண்பரான குருவின் முன் முழந்தாளிட்டு, “கடமையில் சற்று அசட்டையாக இருந்தேன்” என்றோம். அவரும் களைத்திருந்தார்; மேற்கொண்டு கேட்கவில்லை. பாவமன்னிப்புப் பெற்று வெளியே வந்தபின், நாக்கில் அந்த ‘அசட்டை’ என்ற சொல் முள்ளாய் உறுத்தியது. இறையியல் பயின்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் குற்றத்திற்கும் மெல்லிய பெயரொன்று அவர்கள் கைவசம் இருக்கும்.

நாட்குறிப்பை இழுப்பறையில் வைத்துவிடலாம். இறந்தோர் ஏட்டை என்ன செய்வது? பங்கில் இறப்புப் பதிவேடு இருந்தாக வேண்டும் என்பதும், அடக்கத்திற்குப் பின் அதில் எழுத வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டம். எழுதி வந்தவரோ இறந்துவிட்டார். அவருடைய பெயரை இனி நாம்தான் எழுத வேண்டும். வரிசை எண், இறந்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், பெற்ற அருட்சாதனங்கள் என்று கட்டங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் நிரப்பிவிடலாம். அடுத்த கட்டத்தின் தலைப்பு: ‘அடக்கம் செய்த குருவின் பெயர்.’

அக்கட்டத்தில் நம் பெயரை எழுதினால் பொய். கோடு இழுத்தால் அரைப்பொய். அவருக்குப் பின் கிளைக் கிராமங்களில் மேலும் இருவர் இறந்தனர். இருவருக்கும் கவச உடை அணிந்துபோய் முறைப்படி அடக்கம் செய்தோம். ஆனால் அவர்களையும் ஏட்டில் ஏற்ற முடியவில்லை. வரிசை எண் விடாதன்றோ? உபதேசியாரின் வரியைத் தாண்டாமல் அடுத்த வரிக்குப் போக வழியில்லை. இறந்தவர் மூவர் ஒரு கட்டத்தின் வாசலில் காத்து நின்றார்கள்.

அந்நாட்களில் விவிலியத்தில் அடிக்கடி புரட்டிய பகுதி எரேமியா நூலின் 45 ஆம் அதிகாரம். ஐந்தே வசனங்கள், ஞாயிறு வாசகங்களில் வராதது, பலர் படித்திருக்க மாட்டார்கள். 36 ஆம் அதிகாரத்தை எல்லாரும் அறிவர். எரேமியா சொல்லச் சொல்ல பாரூக்கு எழுதிய சுருளை, யோயாக்கிம் மன்னன் குளிர்கால மாளிகையில் அமர்ந்து, மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் எறிந்த கதை அது. எரிந்தவற்றை எல்லாம் பாரூக்கு மீண்டும் எழுதினார். இன்னும் பல சொற்களும் சேர்ந்தன. எழுதும் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக இதைத்தான் நாம் சொல்வோம். ஆனால் அச்சுருளை எழுதிய அதே ஆண்டில், அதே பாரூக்கு, துன்பத்தின்மேல் துன்பம் வந்ததென்றும், புலம்பிக் களைத்ததென்றும், இளைப்பாறுதல் இல்லையென்றும் முறையிட்டதாக 45 ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவர் அவரைத் தட்டிக் கொடுக்கவில்லை. உனக்கென்று பெரியவற்றையா தேடுகிறாய் என்று கேட்டார், தேடாதே என்றார், உயிர் மட்டும் மிஞ்சும் என்றார். குருமடத்தில் இப்பகுதி நமக்குக் கடுமையாகத் தோன்றியதுண்டு. 2021 சூன் மாதத்தில் அப்படித் தோன்றவில்லை. முப்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதியவர் என்ற பெயரையல்லவா நாம் எழுத்தில் தேடிக்கொண்டிருந்தோம்? நம்மைப் பற்றி ஏட்டில் இருக்க வேண்டிய தோற்றம் ஒன்று இருந்தது. மே 25 ஆம் நாள் அதற்குப் பொருந்தவில்லை. அதனால் ஏட்டையே மூடிவிட்டோம்.

சூலை 5 ஆம் நாள் ஆலயங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. ஏழாம் நாள் மாலை உபதேசியாரின் மகன் வந்தார். “தோத்திரம் சாமி” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் ஒதுங்கி நின்றார். வங்கியிலோ எங்கோ கேட்கிறார்களாம், அப்பாவின் அடக்கச் சான்றிதழ் வேண்டுமென்றார். இறந்தோர் ஏட்டை எடுத்தோம். அவர் எட்டிப் பார்த்தார். கடைசியாக எழுதப்பட்டிருந்த வரி, அவருடைய அப்பாவின் சாய்ந்த எழுத்தில், மே 19 ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்ட ஒரு மூதாட்டியின் பெயர். அதற்குக் கீழே வெற்றுத்தாள்.

“இன்னும் எழுதலீங்களா சாமி?” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. அவருக்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு எழுதாத ஏடு என்பது விளங்காத பொருள்.

நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வாய் எடுத்தோம். சொல்லவில்லை. “உட்காருங்கள் தம்பி. அன்றிரவு என்ன செபம் சொன்னீர்கள்?” என்று கேட்டோம்.

“பரலோக மந்திரம் மூணு தடவ சொன்னேன் சாமி. அருள்நிறை மந்திரம் சொன்னேன். நித்திய இளைப்பாற்றி பாதியில மறந்துபோச்சு. கூட இருந்த பயலுகள்ல ரெண்டு பேரு இந்துப் பயலுக, ஒருத்தன் முஸ்லிம். அவங்களும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் மண்ணத் தள்ளிட்டோம்.” சற்று நிறுத்தி, “சாமி வீட்டுச் சன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. சாமி அங்கருந்தே மந்திரிக்கிறாகன்னு பயலுககிட்டச் சொன்னேன்” என்றார்.

வாசகர்களே, அச்சொல்லுக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினோம். எண், நாள், பெயர், தந்தை பெயர், வயது எழுபத்திரண்டு. அருட்சாதனங்கள்: இல்லை. அடக்கம் செய்த குரு: இல்லை. குறிப்பு என்ற கடைசிக் கட்டம் குறுகலானது. அதில், “பங்குத் தந்தை அஞ்சி வரவில்லை. மகன் செபித்து அடக்கம் செய்தார்” என்று சிறிய எழுத்தில் எழுதி, ஏட்டைத் திருப்பி அவர் முன் வைத்தோம். அவர் படித்தார். நெடுநேரம் படித்தார், இரண்டே வரிகளை. “இதெல்லாம் எதுக்கு சாமி எழுதணும்?” என்றார். பிறகு சுண்டுவிரலால் ஓரிடத்தைத் தொட்டு, “அப்பா தாத்தா பேருல ரெட்டைக் கொம்பு போடுவாக. நீங்க ஒத்தைக் கொம்பு போட்டிருக்கீக” என்றார். திருத்தினோம்.

சான்றிதழைப் பெற்றுக்கொண்டு அவர் போனபின், காத்திருந்த மற்ற இருவரின் பெயர்களையும் ஏற்றினோம். அன்றிரவே இழுப்பறையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, சூலை 7 என்ற தேதியின் கீழ், கட்டத்தில் எழுதிய அதே இரு வரிகளைப் படியெடுத்தோம். இடையிலுள்ள நாற்பத்து மூன்று பக்கங்களை நிரப்பவில்லை. நினைவிலிருந்து நிரப்பினால் நமக்கு வசதியானவைதான் வந்து அமரும் என்று தெரிந்திருந்தது. அவை இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அடுத்த வாரம் அதே குருவிடம் போய், அசட்டை என்று சொன்னதை அச்சம் என்று திருத்திச் சொன்னோம். அவர் நம் தலைமேல் கைவைத்து, தாமும் அம்மாதத்தில் ஒரு வீட்டிற்குப் போகவில்லை என்றார்.

அம்மையீர், தங்கள் கேள்விக்கு வருவோம். நடைமுறையாக நாம் கண்டவை சில உண்டு. தங்களுக்குப் பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, மருந்து கொடுத்து முடிக்கும் வேளை எதுவோ அதற்கடுத்த ஐந்து நிமிடம் போதும். நல்ல நோட்டு வேண்டாம். நல்ல நோட்டில் நல்லதாக எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடும். மருந்துச் சீட்டின் பின்புறம் மிகவும் ஏற்றது. கவிதை வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை சரக்கின் விலையை எழுதியது போல், இன்று எத்தனை கரண்டி கஞ்சி உள்ளே போயிற்று என்று எழுதுங்கள். நேற்றைய வரியை இன்று படிக்காதீர்கள். விட்டுப்போன நாட்களை நிரப்ப முயலாதீர்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் பேனா நகரவில்லையானால், நம் அனுபவத்தில் கண்ட ஒன்றை மட்டும் சொல்வோம். எழுத முடியாத நாட்களில் பெரும்பாலும் எழுத விரும்பாத ஒரு வரி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்மேல் வந்த எரிச்சலாக இருக்கலாம். இது எப்போது முடியும் என்று ஓரிரவு எழுந்த நினைவாக இருக்கலாம். தங்களுக்கு அது எதுவென்று நாம் அறியோம், கேட்கவும் மாட்டோம். எவருக்கும் காட்ட வேண்டாம். எழுதிய பின் அடுப்பில் போட்டாலும் சரியே. யோயாக்கிம் எரித்த சுருளையே பாரூக்கால் திரும்ப எழுத முடிந்தது. ஆனால் மெல்லிய பெயரைக் கொண்டு எழுத வேண்டாம். சரியான சொல் அகப்படும் மட்டும் காத்திருங்கள். தாங்கள் தமிழாசிரியை, அது நம்மைவிடத் தங்களுக்கு எளிது.

மறு ஆண்டு மறைவட்ட அதிபர் பங்கின் பதிவேடுகளைப் பார்வையிட வந்தார். ஏடுகள் ஒழுங்காக எழுதப்படுகின்றனவா என்று பார்ப்பது அவர் கடமைகளுள் ஒன்று. திருமுழுக்கு ஏட்டை வேகமாகப் புரட்டினார். திருமண ஏட்டில் சாட்சியின் கையெழுத்து ஒன்று விடுபட்டிருந்ததைச் சுட்டினார். இறந்தோர் ஏட்டில் 2021 ஆம் ஆண்டுப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். குறிப்புக் கட்டத்தின்மேல் அவருடைய விரல் சற்று நேரம் நின்றது. நாம் எதிரே நின்றுகொண்டிருந்தோம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்துப் பக்கத்தின் அடியில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டார். பிறகு, “இது யார் எழுத்து? புதிதாக இருக்கிறதே” என்று அடுத்த பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

உபதேசியாரின் மகன் எழுதுகிறார் என்றோம்.